துரு போக வேண்டும், இரும்பு தேயக் கூடாது: பழைய தோட்டா பிரஸ்ஸுக்கு மறுவாழ்வு

சுட்ட தோட்டாவில் குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும். பித்தளைக் கூடு மட்டுமே மிஞ்சும். அந்தக் கூட்டில், மருந்தைப் பற்றவைக்கும் புதிய பிரைமரும் மருந்தும் குண்டும் பொருத்தித் திரும்பப் பயன்படுத்தும் வழக்கம் அமெரிக்க வேட்டைக்காரர்களிடமும் குறிசுடும் போட்டியாளர்களிடமும் நூறாண்டுக்கு மேலாக இருந்துவருகிறது. சொந்தப் பயன்பாட்டுக்கு நிரப்பிக்கொள்ள அங்கே கூட்டாட்சி அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் தேவை. இந்தியாவிலோ 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கவே உரிமம் வேண்டும்.

சுடும்போது எழும் அழுத்தத்தில் பித்தளைக் கூடு சற்று உப்பிவிடுகிறது. அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர, டை எனப்படும் கடினமான எஃகு அச்சுக்குள் அழுத்தித் தள்ள வேண்டும். கைவிரல் பலத்தில் ஆகிற காரியம் அல்ல இது. அந்த அழுத்தத்தை நெம்புகோல் வழியாகத் தருவதுதான் ரீலோடிங் பிரஸ்.

ஜான் பார்லோ 1884இல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கிய ஐடியல் நிறுவனம், இடுக்கி போன்ற கைக்கருவிகளை விற்றது. 1925இல் லைமன் நிறுவனம் அதை வாங்கியது. பின்னர் மேசையில் போல்ட் போட்டு முடுக்கும் வார்ப்பிரும்பு பிரஸ்கள் பரவின. சான்ஃபிரான்சிஸ்கோவின் பசிபிக், மின்னசோட்டாவிலிருந்து தபால் வழியே விற்ற ஹெர்ட்டர்ஸ், 1943இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃபிரெட் ஹண்டிங்டன் தொடங்கிய ஆர்சிபிஎஸ் ஆகியவை இதில் பெயர்பெற்றவை. இந்த நிறுவனங்களின் பழைய பிரஸ்கள் இன்றும் அமெரிக்க வீடுகளின் நிலவறைகளிலும் கார் கொட்டகைகளிலும் துரு ஏறிக் கிடக்கின்றன. வீட்டைக் காலி செய்து விற்கும்போது குறைந்த விலைக்கு வெளியே வருகின்றன.

இவற்றைச் செப்பனிடுவதில் லாபம் உண்டா என்பதற்கு விடை, டை பொருந்தும் மரையில் இருக்கிறது. முக்கால் அங்குலத்தைவிடச் சற்றுப் பெரிய, 7/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 புரியும் கொண்ட மரை பல பத்தாண்டுகளாகப் பொது அளவாக நிலைத்துவிட்டது. அந்த மரை உள்ள பழைய பிரஸ்ஸில் இன்று கடையில் வாங்கும் டையும் நேராக ஏறும். மரை வேறு அளவாக இருந்தாலோ, கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில் இருந்தாலோ, உதிரிபாகம் தேடி அலைய நேரும். வாங்குமுன் இவ்விரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

பிரஸ்ஸின் அமைப்பு எளிது. ஆங்கில எழுத்துகளான சி அல்லது ஓ வடிவில் ஒரு வார்ப்பிரும்புச் சட்டம். அதன் அடியில் கடைந்த துளைக்குள் மேலும் கீழும் ஓடும் ராம் என்ற எஃகுத் தண்டு. ராமையும் கைப்பிடியையும் பின்களால் கோக்கும் இணைப்புக் கைகள். சட்டத்தின் உச்சியில் டை ஏறும் மரை. ராமும் டையும் ஒரே நேர்கோட்டில் நின்றால்தான் கூடு கோணாமல் உள்ளே போகும், குண்டு நேராக அமரும். ஆகவே பிரஸ்ஸின் மதிப்பு அதன் பளபளப்பில் இல்லை. ராம், துளை, மரை, பின் ஆகிய நான்கின் அளவில் இருக்கிறது. செப்பனிடும்போது எந்த இடத்தில் எவ்வளவு தேய்க்கலாம் என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

துரு எல்லா இடத்திலும் ஒரே அளவில் பிடிப்பதில்லை. ஈரக்கசிவுள்ள நிலவறையில் சட்டத்தின் பெயின்ட் உரிந்த இடங்களும் போல்ட் துளைகளும் முதலில் சிவக்கும். எரிந்த பிரைமர் விழும் ராமின் அடிப்பகுதி இன்னும் மோசமாக இருக்கும். பழைய காலத்துப் பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் சேர்த்தார்கள். அது எரிந்தபின் மிஞ்சும் பொட்டாசியம் குளோரைடு உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் பொருள். ராமுக்கும் துளைக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியில் அது உண்டாகி உப்பினால் ராம் அசையாமல் இறுகிவிடுகிறது.

கருவியைத் தொடுமுன் இரண்டு ஆபத்துகளை விலக்க வேண்டும். முதலாவது, வெடிக்காத பிரைமரோ சிந்திய மருந்தோ பிரஸ்ஸின் இடுக்குகளில் சிக்கியிருக்கலாம். பிரைமர் ஊட்டும் கை, அது செல்லும் பள்ளம், எரிந்த பிரைமர் விழும் கிண்ணம் அனைத்தையும் டார்ச் அடித்துப் பார்த்துக் காலி செய்யாமல் சுத்தியலோ நெருப்போ பக்கத்தில் வரக் கூடாது. இரண்டாவது ஈயம். எரிந்த பிரைமரின் கரியில் ஈயச் சேர்மங்கள் உண்டு. அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978இல்தான். அதற்கு முந்தைய பெயின்டிலும் ஈயம் இருக்கலாம். அதனால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், கையுறை போட்டு, மினரல் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் அழுக்கைத் துடைத்தெடுப்பதே முறை.

அடுத்தது பிரித்தல். பிரிப்பதற்கு முன் எல்லாப் பக்கங்களிலும் புகைப்படம் எடுத்துவைத்தால் கோக்கும்போது குழப்பம் வராது. இறுகிய ராமுக்கும் பின்களுக்கும் துருவை ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவிட வேண்டும். டிரான்ஸ்மிஷன் ஆயிலும் அசிட்டோனும் சம அளவில் கலந்த கலவையையும் பட்டறைக்காரர்கள் இதற்குப் பயன்படுத்துகிறார்கள்; அது எளிதில் தீப்பற்றும். எண்ணெய் ஊறியபின் பித்தளைக் கம்பியையோ மரக்கட்டையையோ இடையில் வைத்து மெல்லத் தட்ட வேண்டும். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். கைப்பிடியில் குழாய் மாட்டி முழு பலத்தோடு இழுத்தால் இணைப்புக் கையோ சட்டமோ விரிசல் விடும்.

துரு நீக்கும் வழியைப் பாகத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். சட்டத்தின் வெளிப்பரப்புக்குக் கம்பி பிரஷ்ஷே போதும். ராமுக்கு அது ஆகாது. மிக நுண்ணிய நான்கு சுழி ரக ஸ்டீல் வுல்லை எண்ணெயில் நனைத்து, ராமைச் சுழற்றிக்கொண்டே லேசாகத் தேய்த்தால் மேல்துரு கரைந்து வரும். அடியில் கறுப்புப் புள்ளிகளாகக் குழிகள் தெரிந்தால் அவற்றை அப்படியே விட்டுவிட வேண்டும். குழி இருப்பதால் ராமின் ஓட்டம் கெடாது. குழி மறையும்வரை உப்புத்தாள் போட்டால் விட்டம் குறைந்து ராம் ஆடத் தொடங்கும்.

குழிக்குள்ளும் மரைக்குள்ளும் உள்ள துருவுக்கு ஊறவைக்கும் முறைகள் ஏற்றவை. வினிகரும் சிட்ரிக் அமிலக் கரைசலும் மலிவு. ஆனால் துரு போனபின்னும் ஊறவிட்டால் அமிலம் நல்ல இரும்பையும் அரிக்கும்; அதனால் அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும். வெளியே எடுத்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி உடனே உலர்த்தாவிட்டால் சில நிமிடங்களில் புதுத்துரு படரும். துருவை மட்டும் பற்றிக் கரைக்கும் ஆயத்தக் கரைசல்கள் கடையில் கிடைக்கின்றன. விலை கூடுதல், இரும்புக்குச் சேதம் மிகக் குறைவு.

பெரிய சட்டத்துக்கு மின்னாற்பகுப்பு கைகொடுக்கும். பிளாஸ்டிக் தொட்டியில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் சலவை சோடாவைக் கரைத்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைச் சட்டத்திலும் நேர்முனையை ஒரு பழைய இரும்புத் தகட்டிலும் மாட்ட வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. மின்சாரம் பாயும்போது சட்டத்திலிருந்து ஹைட்ரஜன் குமிழ்கள் எழும், துரு தளர்ந்து கறுப்புச் சேறாக உதிரும், நல்ல இரும்பு தேயாமல் நிற்கும். ஹைட்ரஜன் தீப்பற்றும் வாயு என்பதால் இதைக் காற்றோட்டமான இடத்தில் செய்து, கம்பிகளைக் கழற்றுமுன் சார்ஜரை நிறுத்த வேண்டும். தகடு எவர்சில்வராக இருக்கக் கூடாது. நச்சுத்தன்மை மிக்க குரோமியச் சேர்மம் கரைசலில் கலந்துவிடும். ஸ்பிரிங் போன்ற கடினப்படுத்திய எஃகுப் பாகங்களையும் இதில் போடக் கூடாது. ஹைட்ரஜன் உட்புகுந்து அவை நொறுங்கக்கூடும்.

துரு நீங்கியபின்தான் உண்மை நிலை தெரியும். சி வடிவச் சட்டத்தின் உள்வளைவிலும் இணைப்புக் கைகளின் பின் துளைகளைச் சுற்றியும் விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவினால், விரிசலுக்குள் நின்ற எண்ணெய் கசிந்து கோடாகக் காட்டிக்கொடுக்கும். வார்ப்பிரும்பைப் பற்றவைக்க நிக்கல் ராடும் முன்கூட்டிச் சூடேற்றுவதும் வேண்டும்; அப்படியும் பற்றவைத்த சட்டம் கோணிவிட வாய்ப்புண்டு. சட்டமே விரிசல் விட்டிருந்தால் அதை உதிரிபாகத்துக்கு ஒதுக்குவதே புத்திசாலித்தனம். தேய்ந்த பின்னுக்கு மாற்று உண்டு. துளை நீள்வட்டமாகியிருந்தால் லேத் பட்டறையில் பெரிதாக்கி புஷ் அடிக்கலாம்.

பெயின்ட் அடிப்பது அவரவர் விருப்பம். வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் பழைய எண்ணெய் தங்கியிருக்கும். அசிட்டோனால் பலமுறை துடைத்தபின் அடித்தால்தான் பெயின்ட் பிடிக்கும். ராம் துளையையும் டை மரையையும் டேப் ஒட்டியோ தக்கை வைத்தோ மூடிவிட வேண்டும். என்ஜின் எனாமல் எண்ணெய்க்கும் சூட்டுக்கும் தாங்கும். பழம்பொருள் சேகரிப்போர் அசல் பெயின்டையும் நிறுவனத்தின் எழுத்தையுமே மதிப்பார்கள் என்பதால், அரிய மாதிரியாக இருந்தால் சுத்தம் செய்து எண்ணெய் பூசுவதோடு நிறுத்துவது மேல்.

கோக்கும்போது ராமுக்கு மெல்லிய எண்ணெய், பின்களுக்கு கிரீஸ். வழியும் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் பட்ட பிரைமர் பழுதாகலாம். கடைசிச் சோதனை நேர்கோடு. பிரஸ்ஸைக் கனமான மேசையில் போல்ட் போட்டு முடுக்கி, டையை மரையில் ஏற்றி, ஷெல் ஹோல்டர் டையின் வாயைத் தொடும்வரை ராமை உயர்த்த வேண்டும். இரண்டுக்கும் நடுவே நான்கு பக்கமும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்து, எல்லாப் பக்கமும் இடைவெளி ஒன்றாக இருந்தால் பிரஸ் வேலைக்குத் தயார். ஒரு பக்கம் மட்டும் இடைவெளி விரிந்தால், சட்டம் கோணியதா, ராம் தேய்ந்ததா, ஷெல் ஹோல்டர் சரியாக உட்காரவில்லையா என்று பார்த்து, கோளாறு தீரும்வரை அதைப் பயன்படுத்தக் கூடாது.