மீன்தொட்டியும் மின்கம்பியும்

முதிரப்புழை ஆற்று நீரைக் கொண்டு பள்ளிவாசலில் 1940-ஆம் ஆண்டு மின் உற்பத்தி தொடங்கியது. நீரும் மின்சாரமும் சேர்ந்து நன்மை செய்த வரலாறு தேவிகுளம் வட்டத்துக்கு உண்டு. வீட்டு முன்னறையின் மீன்தொட்டியருகே அவை சேர்ந்தால் நிலைமை வேறு.

சமவெளியில் மீன் வளர்ப்போருக்குக் காற்றுப் பம்பும் ஒரு விளக்கும் போதும். மார்கழி, தை மாதங்களில் உறைபனி படியும் நம் மலைப்பகுதியில், கப்பி, மோலி போன்ற வெப்பமண்டல மீன்களுக்கு ஹீட்டரும் வேண்டும். அதாவது, நீருக்குள்ளேயே 230 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் கண்ணாடிக் குழாய் ஒன்றை நாம் இறக்கி வைக்கிறோம்.

மீன்கள் நலமாக நீந்துவதைக் கண்டு நீரில் மின்கசிவு இல்லை என்று பலர் முடிவு செய்கின்றனர். அது பிழையான கணிப்பு. மரப்பலகை மேல் நிற்கும் கண்ணாடித் தொட்டிக்குத் தரையுடன் மின்தொடர்பு இல்லை. ஹீட்டர் விரிசல் கண்டால் தொட்டி நீர் முழுவதும் மின்னழுத்தம் ஏறி நிற்கும். வெளியேற வழியில்லாததால் மின்னோட்டம் பாயாது, மீன்களுக்கும் ஒன்றும் நேராது. ஈரமான சிமென்ட் தரையில் வெறுங்காலுடன் நின்று நீரில் கையிடுபவர்தான் அந்த வழியாகிவிடுகிறார்.

அவ்வேளையில் எம்.சி.பி. காப்பாற்றும் என்று நம்புவதற்கில்லை. அது கம்பிகளைக் காக்கும் கருவி. 6 ஆம்பியர் எம்.சி.பி., அந்த அளவைத் தாண்டினால்தான் துண்டிக்கும். மனித உயிருக்கு ஊறு விளைக்க அதில் 200-இல் ஒரு பங்கான 30 மில்லியாம்பியரே போதும். ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவுத் துண்டிப்பான், சென்ற மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமா என்று ஒப்பிட்டு, 30 மில்லியாம்பியர் குறைந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டு அதைப் பொருத்துவதே முதற்செலவாக இருக்கட்டும். தொட்டியின் அலங்காரக் கற்கள் பிறகு வரலாம். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் நலம்.

அடுத்து, கம்பி செல்லும் பாதை. தொட்டியின் விளிம்பில் கசியும் நீர் கம்பியைப் பற்றியவாறே வழிந்து பிளக்கை அடையும். கம்பி பிளக்கை விடத் தாழத் தொங்கி, வளைந்து, பின் மேலேறிச் செல்லுமாறு அமைத்தால் நீர் அவ்வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். செலவற்ற ஏற்பாடு இது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையிலோ தொட்டிக்கு நேர் கீழேயோ வைக்காமல், பக்கச் சுவரில் உயர்த்திப் பொருத்த வேண்டும்.

பருவமழையில் மின்தடை நமக்குப் புதிதன்று. பம்பு நின்றதும், அது நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், காற்றுக்குழாய் வழியே தொட்டி நீர் பின்னோக்கி இறங்கிப் பம்புக்குள் புகலாம். மின்சாரம் திரும்பும்போது அது ஈரமான மின்கருவி! பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைக்கலாம். இயலாவிடில், காற்றுக்குழாயில் ஒருவழி வால்வு பொருத்தலாம். மீன் உணவு விற்கும் கடைகளிலேயே அது கிடைக்கும்.

நீரில் கையிடுமுன் எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தல் மட்டும் போதாது. பழைய வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் அமைந்திருந்தால், அணைத்த பின்னும் கருவியில் மின்சாரம் இருக்கும். நீர் மாற்றும் நாளில் ஹீட்டரைக் கால்மணி நேரம் முன்பே கழற்றி ஆறவிட வேண்டும். சூடாக இருக்கையில் நீர்மட்டம் இறங்கினால் கண்ணாடி வெடித்துவிடும். தொட்டி மீண்டும் நிரம்பி, கையும் நன்கு உலர்ந்த பிறகே பிளக்கைச் செருகலாம்.