அறுகம்பே: வருமானம் ஊரில் தங்குவதற்கு என்ன வழி?

அம்பாறை மாவட்டத்தின் பொத்துவில் பிரதேசத்திலுள்ள அறுகம்பே, அலைச்சறுக்கு விளையாட்டிற்கு உலகப் புகழ் பெற்றது. தென்மேற்குப் பருவக்காற்றினால் காலி, ஹிக்கடுவ கடல்கள் கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்குக் கரையில் வானம் தெளிந்திருக்கும். ஏறத்தாழ ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை இங்கு பருவகாலம். அருகிலேயே பொத்துவில் களப்பும் குமன தேசியப் பூங்காவும் உள்ளன.

2018 இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள் வந்தனர். 2019 ஏப்ரல் தாக்குதல், கொவிட், 2022 பொருளாதார நெருக்கடி என அடுத்தடுத்து விழுந்த அடிகளால் இத்துறை சரிந்தது. 2024 இல் வருகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. பயணிகள் திரும்பி வருகிறார்கள். அவர்கள் செலவிடும் பணத்தில் எவ்வளவு எமது பிரதேசத்தில் தங்குகிறது என்பதே கேள்வி.

ஒரு பயணி அறைக்கும் உணவுக்கும் பணம் கொடுக்கிறார். மீன் உள்ளூர் மீனவரிடமும், தயிரும் மரக்கறியும் அயல் கிராமங்களிலும் வாங்கப்பட்டால், சமையற்காரரும் முகாமையாளரும் வழிகாட்டியும் ஊரவராக இருந்தால், அப்பணம் பல கைகள் மாறி ஊரிலேயே சுழலும். தகுதியான ஆள் இங்கு கிடைக்காதபோது சம்பளம் வெளியூருக்குப் போகும்; எமது இளைஞர்களோ வேலை தேடி வளைகுடாவுக்குப் போவார்கள். எனவே தொழிற்பயிற்சி என்பது பிரதேசப் பொருளாதாரத்தின் அடித்தளம்.

இதற்கான வழிகள் நாட்டில் ஏற்கனவே உள்ளன. தேசிய தொழில் தகைமை எனும் என்.வி.கியூ. முறை ஏழு மட்டங்களைக் கொண்டது. நான்காம் மட்டம் வரை தொழிற்சான்றிதழ்கள். ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள். ஏழாவது பட்டத்திற்குச் சமன். வகுப்புக்குப் போகாமல் பல வருடங்கள் சமையலறையிலோ வாகனத்திலோ உழைத்தவர்கள், முன்கற்றல் அங்கீகார முறையில் திறமையை நிரூபித்துச் சான்றிதழ் பெறலாம். பாசிக்குடாவிலும் அரச ஹோட்டல் பயிற்சிக் கல்லூரியின் கிளை உண்டு.

நவம்பர் முதல் மார்ச் வரை மழையும் ஓய்வுமாகக் கழியும் மாதங்களே பயிற்சிக்கு ஏற்ற காலம். ஆங்கிலம், உணவுச் சுகாதாரம், கணக்கு, இணையவழி அறைப்பதிவு, கடலில் உயிர்காப்பு ஆகியவற்றை அப்போது கற்றால் அடுத்த பருவத்திலேயே பலன் தெரியும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதி முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளையும் இதில் சேர்க்கலாம்.

"ஹோட்டல் வேலையா, பிள்ளை கெட்டுப்போகும்" என்று அஞ்சும் பெற்றோர் உண்டு. அந்த அச்சத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் சுற்றுலா என்பது மதுபானச்சாலை மட்டுமல்ல. களப்பில் படகு ஓட்டுதல், பறவை பார்க்க அழைத்துச் செல்லுதல், வீட்டு விருந்தினர் விடுதி, ஹலால் உணவு, மருதமுனைக் கைத்தறித் துணி விற்பனை என்று பல கண்ணியமான தொழில்கள் அதற்குள் அடங்கும். மேலும், தொழிலை வெளியாரிடம் விட்டுவிட்டால் ஊரின் ஒழுங்கைத் தீர்மானிப்பவர்களும் அவர்களே. திறமையுள்ள உள்ளூர்வாசி உரிமையாளராகவும் முகாமையாளராகவும் இருக்கும் இடத்தில்தான் ஊரின் பண்பாட்டிற்கும் களப்பின் தூய்மைக்கும் காவல் கிடைக்கும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் பாடசாலைகளும் ஹோட்டல் உரிமையாளர்களும் ஒன்றாக அமர்ந்து, வரும் மழைக்காலத்திற்கு எத்தனை பிள்ளைகளுக்கு எந்தப் பயிற்சி என்று ஒரு பட்டியல் தயாரிக்கட்டும். அதுவே முதல் வேலை.