விரலுக்கு இசைந்த தந்தி

மின்சாரக் கிதார் பயிலத் தொடங்கிய ஒருவர் விரல் நுனி எரிகிறது, மணிக்கட்டு கடுக்கிறது என்று முறையிட்டால், அப்பியாசம் முற்ற முற்ற நுனி காய்த்துப்போய் வலி தானே மறைந்துவிடும் என்று உபதேசிப்பது ஆசிரியர்களின் வழக்கம். அந்த உபதேசத்தில் உண்மை உண்டு என்றாலும், வாத்தியத்தில் பூட்டியிருக்கும் தந்தி அந்தக் கைக்கு ஏற்றதுதானா என்று ஒருமுறையேனும் விசாரிக்காமல், வலியைச் சாதகத்தின் ஓர் அங்கமாகவே ஏற்றுக்கொள்வது வீண் கஷ்டம் என்பது என் அபிப்பிராயம். தந்திகள் நாளடைவில் நாதம் மங்கி மாற்றப்பட வேண்டியவை. பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டும் அந்தச் சந்தர்ப்பமே கைக்குச் சௌகரியமானதைத் தேர்ந்துகொள்ளவும் உகந்த சமயம்.

கிதார்த் தந்தியின் பருமனை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு அளப்பது சம்பிரதாயம். உறையின் மேல் 10–46 என்று அச்சிட்டிருந்தால், ஆறு தந்திகளுள் மிக மெல்லியதான முதல் தந்தி அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு, அதாவது ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் பருமன் உடையது என்றும், மிகத் தடித்ததான ஆறாம் தந்தி 46 பங்கு பருமன் உடையது என்றும் பொருள். கடைகளில் ‘நைன்’, ‘டென்’, ‘லெவன்’ என்று கேட்டு வாங்குவது முதல் தந்தியின் இந்த அளவைக் கொண்டுதான். 9–42, 10–46 என்ற இரண்டு செட்டுகளே மிகவும் புழங்குபவை. இவற்றிலும் மெல்லியதாக 8–38 உண்டு, தடித்ததாக 11–49 உண்டு.

ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் விரலுக்கு எப்படித் தெரியும் என்று சந்தேகிப்பவர்களுக்கு விடை 1636-ஆம் ஆண்டிலேயே அச்சேறிவிட்டது. தந்தியின் நீளம், பருமன், இழுவிசை ஆகியவற்றுக்கும் அது எழுப்பும் சுருதிக்கும் உள்ள சம்பந்தத்தை மாரன் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி விதிகளாக வகுத்துத் தந்தார். அவ்விதிகளின்படி, ஒரே நீளமுள்ள இரண்டு தந்திகளை ஒரே சுருதியில் நிறுத்த வேண்டுமானால், அவற்றின் இழுவிசை பருமனின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். ஆகவே ஒன்பதிலிருந்து பத்துக்குப் போகும்போது பருமன் சுமார் 11 சதவீதமே கூடினாலும் இழுவிசை ஏறத்தாழ 23 சதவீதம் கூடிவிடுகிறது. ஃபெண்டர் கிதார்களுக்குரிய 25.5 அங்குலத் தந்தி நீளத்தில், ஒன்பது அளவுள்ள முதல் தந்தி சுமார் 6 கிலோ விசையோடும், பத்து அளவுள்ளது 7.4 கிலோ விசையோடும் நிற்கின்றன. ஆறு தந்திகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் முதல் செட்டுக்கு 38 கிலோ, இரண்டாவதற்கு 46 கிலோ என்ற அளவில் வருகிறது. கிப்ஸன் கிதார்களின் தந்தி நீளம் முக்கால் அங்குலம் குறைவானபடியால், அதே தந்தி அங்கே சுமார் 6 சதவீதம் தளர்ந்து நிற்கும். நண்பருடைய கிதாரில் பூவாக இருந்த செட் தம்முடைய கிதாரில் இரும்பாக இருக்கிறதே என்று சிலர் மயங்குவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுருதியை ஏற்றுகிற ‘பெண்டிங்’ என்ற பிரயோகத்தில் இந்த வித்தியாசம் நன்றாகப் புலப்படும். ஒரே வகை எஃகினாலான மெல்லிய தந்தியானாலும் தடித்த தந்தியானாலும் ஒரு முழுச் சுரம் ஏற்றுவதற்கு விரல் நகர வேண்டிய தூரம் அநேகமாக ஒன்றே. செலுத்த வேண்டிய பலம் மட்டுமே பருமனைப் பொறுத்து மாறுகிறது. வீணையில் மெட்டின் மேல் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பவர்களுக்கு இது புதிதன்று. பிரசன்னாவைப் போலக் கர்நாடக சங்கீதத்தைக் கிதாரில் வாசிக்க விரும்புகிறவர்கள் முதல் மூன்று தந்திகளின் பருமனை விசேஷமாகக் கவனிப்பது நல்லது.

அப்படியானால் ஆதியில் கிதாருக்குத் தடித்த தந்திகளைப் பூட்டியது ஏன்? மின்சாரம் வருவதற்கு முன் தந்தியின் அதிர்வு மரப்பலகை ஒன்றை அசைத்துத்தான் சபைக்குக் கேட்க வேண்டியிருந்தது. அதற்குக் கனமும் விசையும் மிகுந்த தந்தி அவசியமாயிற்று. மின்சாரக் கிதாரிலோ, தந்தியின் அடியில் இருக்கும் ‘பிக்கப்’ என்னும் காந்தச் சுருள் எஃகின் அசைவை மின்னோட்டமாக மாற்றிவிட, ஒலியைப் பெருக்கும் பொறுப்பை ஆம்ப்ளிஃபயர் ஏற்றுக்கொள்கிறது. காரணம் ஒழிந்த பின்பும் வழக்கம் ஒழியவில்லை. மூன்றாவது தந்திகூடச் சுற்றுக்கம்பி சுற்றித் தடித்திருந்த அந்த நாட்களில், ஜேம்ஸ் பர்ட்டன் போன்ற அமெரிக்க வாத்தியக்காரர்கள் பாஞ்சோவின் மெல்லிய தந்திகளை வாங்கித் தங்கள் கிதாரில் பூட்டிக்கொண்டு காரியத்தை நடத்தினார்கள். கலிஃபோர்னியாவில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த எர்னி பால், பழகுநர்கள் அந்த மூன்றாம் தந்தியோடு மல்லுக்கட்டுவதைக் கண்டு, மெல்லிய செட் ஒன்றைத் தயாரிக்கும்படி ஃபெண்டர் நிறுவனத்தாரிடம் யோசனை சொல்லி, அவர்கள் இணங்காமற்போகவே, தாமே செய்வித்து விற்கத் துணிந்தார். 1962-இல் வெளிவந்த ‘ஸ்லிங்க்கி’ தந்திகளின் கதை அது. இன்று சாதாரணமாகக் கருதப்படும் 10–46 அளவு அக்காலத்தில் ஒரு நூதனம்.

தடித்த தந்தியே கனத்த நாதம் தரும் என்ற நம்பிக்கை இன்னும் மறையவில்லை. அதற்கு ஸ்டீவி ரே வான் என்ற டெக்சஸ் மேதையை உதாரணம் காட்டுவார்கள். அவர் பதின்மூன்று அளவுள்ள முதல் தந்தியை வைத்துக்கொண்டது மெய்யே. ஆனால் கிதார் முழுவதையும் அரைச் சுரம் இறக்கி வாசித்தார் என்பதையும், அதனால் இழுவிசை பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே குறைகிறது என்பதையும், அவ்வளவுக்குப் பின்னும் அவர் விரல்கள் புண்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்பவர்கள் சிலரே. எதிர்ப்பக்கத்தில், பர்மிங்ஹாம் நகரத் தொழிற்சாலை விபத்தில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்த டோனி அயோமி, இடக்கைப் பழக்கமுடையவராதலால் தந்தியை அழுத்துவதற்கு அந்த வலக்கையையே நம்ப வேண்டியவராகி, விரல்களுக்குக் கவசம் செய்துகொண்டு, மெல்லிய தந்திகளை நாடி, 1971-இல் வந்த இசைத்தட்டில் மூன்று அரைச் சுரம் வரை சுருதியையும் தாழ்த்தினார். உலகின் மிகக் கனத்த ராக் இசை என்று பெயர் பெற்ற, அவருடைய பிளாக் சப்பாத் குழுவின் நாதம் அந்தத் தளர்ந்த தந்திகளில் பிறந்ததுதான். ஏழு அளவுள்ள தந்தியில் வாசிக்கும் பில்லி கிப்பன்ஸும் நாதத்தில் மெலிந்தவர் என்று ஒருவரும் சொன்னதில்லை.

இதைக் கொண்டு மெல்லியதே எப்போதும் மேல் என்று முடிவு கட்டிவிடுவதும் தவறு. மெல்லிய தந்தி விரிந்து அதிர்வதால், பலமாக மீட்டுகிறவர்களுடைய கையில் ‘ஃப்ரெட்’ என்னும் மெட்டுகளில் பட்டு இரையும்; இறுக்கி அழுத்துகிறவர்களுடைய கையில் சுரம் ஏறிவிடும். கார்டுகளை ஓங்கி அடித்து வாசிப்பவர்களுக்குப் பத்தோ பதினொன்றோதான் பிடிமானம் தரும். இரண்டையும் விரும்புகிறவர்களுக்காக, மேல் தந்திகள் மெல்லியவையாகவும் கீழ்த் தந்திகள் தடித்தவையாகவும் அமைந்த 9–46 போன்ற கலப்பு செட்டுகளும் கிடைக்கின்றன.

பருமனுக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது தந்தியின் மேற்பரப்பு. நிக்கல் பூசிய எஃகு பொதுவான உபயோகத்துக்கு உரியது. தூய நிக்கல் சுற்றிய தந்தியின் நாதம் மிருதுவானது. ஸ்டெயின்லெஸ் எஃகு பளிச்சென்று ஒலித்தாலும் ஃப்ரெட்டுகளை விரைவில் தேய்க்கும். சுற்றுக்கம்பியைத் தட்டையாக அமைத்த ‘ஃப்ளாட்வூண்ட்’ தந்திகள் ஜாஸ் வாசிப்பவர்களுக்குப் பிரியமானவை. விரல் வழுக்கிச் செல்லும், கீறல் ஓசையும் எழாது. வியர்வையும் கடற்காற்றும் சேர்ந்து சென்னை போன்ற ஊர்களில் தந்தியைச் சீக்கிரமே துருவேற்றிச் சொரசொரப்பாக்கிவிடுமாதலால், மெல்லிய பூச்சுள்ள தந்திகளுக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது நஷ்டமாகாது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவைப்பது எந்தத் தந்திக்கும் ஆயுளைக் கூட்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பல சமயங்களில் குற்றம் தந்தியின் மேல் இல்லை. தலைப்பக்கத்தில் தந்திகள் தங்கும் ‘நட்’ உயரமாக இருந்தால் எட்டு அளவுள்ள தந்திகூட முதல் ஃப்ரெட்டில் கையை வாட்டும். செட் மாறினால் கழுத்தின் வளைவும் மாறுமாதலால், உள்ளே ஓடும் ‘ட்ரஸ் ராட்’ கம்பியைத் திருத்துவதும், பிரிட்ஜில் சுருதிச் சுத்தம் பார்ப்பதும், ஸ்பிரிங்கில் மிதக்கும் பிரிட்ஜானால் அதன் சமநிலையைச் சரிசெய்வதும் கூடவே நடக்க வேண்டும். ஆகவே புதிதாகப் பயில்பவர்கள் முதலில் கிதாரை அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டிச் சீர்செய்துகொண்டு, நீண்ட கழுத்துள்ள கிதாருக்கு ஒன்பதும் குட்டைக் கழுத்துள்ளதற்குப் பத்துமாகத் தொடங்கி, சில வாரம் வாசித்துப் பார்த்து, ஒரு படி ஏறவோ இறங்கவோ செய்யலாம். ஒவ்வொரு முறையும் உறையின் மேலுள்ள எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைக்கு எது சௌகரியம் என்பதை எந்த வித்வானின் பெயரும் தீர்மானிக்க வேண்டியதில்லை. அந்தக் குறிப்பும் உங்கள் விரல்களுமே போதும்.