நொசாத்தெலில் இட்ட கையொப்பம்: கொழும்புக் கோட்டை கைமாறிய கதை

1796 இல் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரின் கைக்கு மாறியது என்று பள்ளிப் பருவத்தில் நாம் மனனம் செய்தோம். அந்தக் கைமாற்றத்துக்குத் துணைபோன ஒப்பந்தங்களுள் முக்கியமான ஒன்று, இன்று நாம் அடைக்கலம் பெற்று வாழும் இந்நாட்டின் ஏரிக்கரை நகரொன்றில் கையெழுத்தானது என்பதை எம்மிற் பலர் அறியோம். லாங்கன்தாலில் ரயிலேறினால் ஒன்றரை மணி நேரத்துள் சென்றடையக்கூடிய நொசாத்தெல்தான் அந்நகரம். ஜேர்மன் மொழி பேசுவோர் அதனை நொயென்பூர்க் என்பர்.

இந்தக் கதையில் ஐரோப்பிய அரசர்கள் வருகிறார்கள்; அவர்களின் பகைமைகள் வருகின்றன; வாடகைக்கு விடப்பட்ட படையொன்று வருகின்றது. எமது கரையில் வாழ்ந்த மக்கள் மட்டும் எந்த மேசையிலும் காணப்படவில்லை.

அரசர்களின் பகையும் எமது கரையும்

1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிச் சங்கிலி குமாரனைக் கோவாவுக்குக் கொண்டுசென்று கொன்றனர். அன்று போர்த்துக்கலின் முடியும் ஸ்பானியாவின் முடியும் ஒரே தலையில் இருந்தன. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல் ஸ்பானிய மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஆகவே நல்லூரின் அரசு வீழ்ந்தது, மட்ரிட்டில் வீற்றிருந்த ஒரு மன்னரின் பெயரால்.

அதே ஸ்பானிய முடிக்கு எதிராக ஐரோப்பாவில் நெடும்போர் நடத்திக்கொண்டிருந்தவர்கள் ஒல்லாந்தர். அந்தப் போர்தான் அவர்களைக் கீழைக் கடல்களுக்கும் இழுத்து வந்தது. 1602 இல் அமைக்கப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி வாணிபமும் செய்தது, போரும் செய்தது. 1638 இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் போர்த்துக்கேயரை விரட்டுவதற்காக மட்டக்களப்பில் இக்கம்பனியுடன் உடன்படிக்கை செய்தான். பிடிக்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிற்பது மன்னனின் விருப்பத்தைப் பொறுத்தது என்ற நிபந்தனை மன்னனிடமிருந்த பிரதியில் இருந்தது. ஒல்லாந்தரின் பிரதியில் அது இல்லை. ஒரு வரி குறைந்ததன் பயன் என்னவெனில், 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையும் விழுந்தபோது போர்த்துக்கேயர் போனார்கள், ஒல்லாந்தர் நிலைத்தார்கள்.

ஒல்லாந்தர் காலத்தில் எம்மவரிடம் கருத்துக் கேட்கப்பட்ட ஒரு நிகழ்வும் உண்டு. கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி 1707 இல் யாழ்ப்பாண மக்களின் வழக்கங்களைத் தொகுத்தபோது, பன்னிரண்டு தமிழ் முதலியார்கள் அதனைப் பரிசீலித்து ஏற்றுக்கொண்டனர். அதுவே தேசவழமை. திருமணம், சீதனம், காணி ஆகியவற்றில் மக்களின் சொல் எடுபட்டது. ஆட்சி யாருடையது என்ற கேள்வியில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை.

அதே 1707 ஆம் ஆண்டில் நொசாத்தெலில் நடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அச்சிறு நாட்டை ஆண்ட குடும்பம் வாரிசின்றிப் போனது. பலர் உரிமை கோரினர். அந்நாட்டின் சபையினர் கூடி ஆராய்ந்து, தொலைவிலிருந்த பிரஷ்ய மன்னரைத் தமது இளவரசராக ஏற்றனர். தூரத்து அரசன் அதிகம் தலையிடமாட்டான் என்பதும், அருகிலிருந்த பிரெஞ்சு மன்னனின் பிடிக்குள் விழாதிருக்கலாம் என்பதும் அவர்களின் கணக்கு. அரசனின்றி இருக்க அவர்களாலும் முடியவில்லை. ஆனால் எந்த அரசன் என்பதைச் சொல்லும் வாய் அவர்களுக்கு இருந்தது.

வாடகைக்கு விடப்பட்ட படை

மலைநாடான சுவிஸ் அக்காலத்தில் செல்வம் மிகுந்த நாடு அல்ல. அதன் பெரிய ஏற்றுமதிகளுள் ஒன்று போர்வீரர்கள். பிரெஞ்சு மன்னருக்கும், ஒல்லாந்துக்கும், இத்தாலிய அரசுகளுக்கும் சுவிஸ் படையணிகள் ஒப்பந்த அடிப்படையில் வழங்கப்பட்டன. பணமும் பதவியும் பிரபுக் குடும்பங்களுக்கு. சாவும் காயமும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு. லூட்சேர்ன் நகரில் பாறையிற் செதுக்கப்பட்டுள்ள சிங்கத்தை எம்மிற் பலர் பார்த்திருப்போம். 1792 ஓகஸ்ட் 10 இல் பாரிஸ் அரண்மனையில் பிரெஞ்சு மன்னனைக் காத்து மடிந்த சுவிஸ் வீரர்களின் நினைவுச்சின்னம் அது.

நொசாத்தெலைச் சேர்ந்த சார்ள் டானியல் டி மெரோன் பிரபுவும் இத்தொழிலில் இறங்கியவர். 1781 இல் ஒல்லாந்தக் கம்பனியுடன் ஒப்பந்தம் செய்து, தமது பெயரிலேயே ஒரு படையணியைத் திரட்டினார். அது முதலில் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கும், பின்னர் 1780 களின் பிற்பகுதியில் இலங்கைக்கும் அனுப்பப்பட்டது. பிரபு ஐரோப்பாவுக்குத் திரும்ப, அவரது தம்பி பியர் பிரடெரிக் டி மெரோன் கொழும்பில் தலைமை தாங்கினார். கொழும்புக் கோட்டையின் காவலில் இப்படையணியே முக்கிய பலமாக விளங்கியது.

இந்த ஏற்பாட்டின் சிக்கலைக் கவனியுங்கள். பிரபு பிரஷ்ய மன்னரின் குடிமகன். அவரது படை ஒல்லாந்து வணிகக் கம்பனியின் கூலிப்படை. அது காத்து நின்றதோ இலங்கைத் தீவின் துறைமுகத்தை. கூலி கொடுப்பவனின் கை தளர்ந்தால் அக்காவல் எத்தனை நாள் நிற்கும்?

கியூ மாளிகைக் கடிதம்

கை தளர்ந்த நாள் விரைவில் வந்தது. 1795 ஜனவரியில் பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் ஒல்லாந்தினுள் நுழைந்தன. ஒல்லாந்தின் தலைவரான ஒரேஞ்ச் இளவரசர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்குத் தப்பியோடினார். அங்கே பிரெஞ்சுக்குச் சார்பான குடியரசு எழுந்தது. இலண்டனுக்கு அருகே கியூ மாளிகையில் தங்கியிருந்த இளவரசர், 1795 பெப்ரவரி 7 ஆம் நாள், கடல்கடந்த ஒல்லாந்து ஆளுநர்களுக்குக் கடிதங்கள் எழுதினார். பிரெஞ்சுக்காரர் கைப்பற்றாதிருக்க ஆங்கிலப் படைகளை நண்பர்களாக ஏற்று உள்ளே விடுங்கள் என்பதே அவற்றின் சாரம். அடைக்கலம் பெற்ற இளவரசர் ஒருவர், தமக்கு அடைக்கலம் தந்தவர்களுக்குப் பிறருடைய கரைகளைத் திறந்துவிட்டார்.

பேராசிரியரின் பயணம்

ஆனால் கடிதத்தை மட்டும் நம்பி ஆங்கிலேயர் இருக்கவில்லை. ஸ்கொட்லாந்தின் சென். அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த ஹியூ கிளெக்ஹோர்ன், போர் அமைச்சர் ஹென்றி டண்டாஸின் இரகசியத் தூதராக நொசாத்தெலுக்கு வந்தார். டி மெரோன் பிரபு அவருக்கு முன்பே அறிமுகமானவர். ஒல்லாந்தர் படையணிக்கு வைத்திருந்த சம்பள நிலுவை, பிரபுவுக்கு ஆங்கிலப் படையில் உயர் பதவி ஆகியன பற்றிப் பேரம் நடந்தது. 1795 மார்ச் 30 ஆம் நாள் கையொப்பம் இடப்பட்டது. கொழும்பில் நிற்கும் படையணி ஒல்லாந்தரை விட்டு நீங்கி ஆங்கில மன்னரின் சேவையிற் சேரும் என்பது முடிவாயிற்று.

இருவரும் வெனிஸ், எகிப்து, செங்கடல் வழியாகப் பயணம் செய்து இந்தியாவின் மலையாளக் கரையை அடைந்தனர். கொழும்பிலிருந்த தம்பிக்குச் செய்தியை அனுப்பிய விதம் பற்றி ஒரு சுவையான கதை உண்டு. ஒல்லாந்துப் பாற்கட்டி ஒன்றினுள் கடிதத்தை மறைத்து அனுப்பினார்களாம். சீஸ் கட்டிகளோடு நாள்தோறும் புழங்கும் எமது இளையோர் இதனை இரசிக்கக்கூடும்.

கொழும்பு வீழ்ந்தது

இதற்கிடையே ஆங்கிலக் கப்பல்கள் சென்னையிலிருந்து புறப்பட்டுவிட்டன. 1795 ஓகஸ்ட் இறுதியில் திருகோணமலைக் கோட்டைகள் பணிந்தன. செப்ரெம்பர் 28 ஆம் நாள் யாழ்ப்பாணக் கோட்டை சண்டையின்றிக் கையளிக்கப்பட்டது. 137 ஆண்டுகள் கொடி பறக்கவிட்டவர்கள் ஒரு நாளில் இறங்கிப் போயினர்.

ஒக்ரோபரில் டி மெரோன் படையணி ஒல்லாந்தரை விட்டு விலகியது. கோட்டையின் பலவீனங்களை எல்லாம் அறிந்த காவலர்களே எதிரியின் பக்கம் போய்விட்ட நிலையில், ஆளுநர் வான் அங்கெல்பெக் 1796 பெப்ரவரியில் கொழும்பை ஒப்படைத்தார். நொசாத்தெல் ஒப்பந்தம் ஒன்றினால் மட்டும் கொழும்பு விழுந்ததென்று கூறுவது மிகையாகும். ஒல்லாந்தரிடையே இளவரசரின் ஆதரவாளர், குடியரசின் ஆதரவாளர் என்ற பிளவும், ஆங்கிலரின் கடற்பலமும் பெரிய காரணங்கள். ஆயினும், நடைபெற்றிருக்கக்கூடிய ஒரு நீண்ட முற்றுகையை அந்தக் கையொப்பம் வெகுவாகக் குறுக்கிவிட்டது.

புதிய எசமானர் சென்னையிலிருந்து வரி அறவிடுவோரை இறக்கினர். தென்னை மரத்துக்கும் வரி என்றார்கள். 1797 இல் கரையோர மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அக்காலத்தில் தீவின் இராணுவ ஆளுநராகப் பொறுப்பேற்றவர் வேறு எவருமல்லர்; நொசாத்தெலின் பியர் பிரடெரிக் டி மெரோனே. அவர் தலைமையிலான விசாரணைக் குழு அந்த வரிமுறையைக் கைவிடும்படி பரிந்துரைத்தது. கையெழுத்திட்டவர்கள் கேட்காத மக்களின் குரல், கிளர்ச்சியின் பின்னரே காதில் விழுந்தது.

அன்றைய லாங்கன்தால்

அன்று இந்த லாங்கன்தால் எப்படியிருந்தது? லினன் துணி வாணிபத்தாற் பெயர் பெற்ற ஊர். ஆனால் சுதந்திரமான ஊர் அல்ல. பேர்ண் நகரப் பிரபுக்களின் அதிகாரி அருகிலுள்ள ஆர்வாங்கன் கோட்டையில் இருந்து இதனை ஆண்டார். 1652 இல் பேர்ண் அரசு நாணயத்தின் மதிப்பைக் குறைத்தபோது, கடனிலும் வரியிலும் நொந்திருந்த விவசாயிகள் மறு ஆண்டு கிளர்ந்தெழுந்தனர். அயலூரான ஹெர்ட்சோகன்பூக்சேயில் அக்கிளர்ச்சி நசுக்கப்பட்டது. தலைவர் நிக்லவுஸ் லொயென்பெர்கர் பேர்ணில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அதன் பின் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு இவ்வூரவர் குடிமக்களாக அல்ல, ஆளப்படுவோராகவே இருந்தனர். 1798 மார்ச்சில் பிரெஞ்சுப் படை பேர்ணை வீழ்த்திய பின்னரே அந்த ஆட்சி முறிந்தது. அதே 1798 ஒக்ரோபரில் கொழும்பில் ஆங்கில ஆளுநர் பிரடெரிக் நோர்த் வந்திறங்கினார். பிரான்சின் ஒரே புயல், ஒரு நிலத்தில் பழைய எசமானரை விரட்டியது. மற்றொரு நிலத்தில் எசமானரை மாற்றியது.

கிளெக்ஹோர்ன் குறிப்பு

நோர்த்தின் ஆட்சியில் முதலாவது குடியேற்றச் செயலாளராக அமர்ந்தவர், பேரம் பேசிய அதே பேராசிரியர். 1799 ஜூன் மாதம் அவர் எழுதிய நிர்வாகக் குறிப்பு எமது அரசியல் மேடைகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. தீவில் மிகப் பழைய காலந்தொட்டு இரு வேறு இனங்கள் வாழ்கின்றன. உட்பகுதியையும் தெற்கையும் மேற்கையும் சிங்களவரும், வடக்கையும் கிழக்கையும் தமிழரும் கொண்டுள்ளனர் என்று அவர் எழுதினார்.

அந்தக் குறிப்பை எடுத்தாளும்போது எழுதியவர் யார் என்பதையும் எமது பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நன்று. அவர் தீவில் நெடுங்காலம் வாழ்ந்தவர் அல்லர். சிங்களவர் சீயத்திலிருந்து வந்தவர்கள் என்ற பிழையான கருத்தும் அதே குறிப்பில் உண்டு. அது ஒரு வெளியாரின் சாட்சியம். சாட்சியம் என்ற அளவில் அதற்கு மதிப்புண்டு. ஆனால் எமது இருப்புக்கு ஆதாரம் அந்தத் தாள் அல்ல. அங்கு உழுதும் கடலோடியும் கோயில் கட்டியும் வாழ்ந்த தலைமுறைகளே. அந்தத் தாள் எழுதப்பட்டபின் 1802 இல் அமியன் உடன்படிக்கையில் கரையோரம் ஆங்கிலருக்கு உறுதியாக்கப்பட்டது. 1815 இல் கண்டியும் சேர்ந்தது. 1833 இல் முழுத்தீவும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இணைக்கப்பட்டது. கிளெக்ஹோர்னின் குறிப்பு அதைத் தடுக்கவில்லை.

எமக்கு எஞ்சும் பாடம்

டி மெரோன் படையணியின் சாதாரண வீரர்கள் 1799 இல் திப்பு சுல்தானுக்கு எதிராகச் சிறீரங்கப்பட்டணத்தில் நிறுத்தப்பட்டனர். பின்னர் மத்தியதரைக் கடலுக்கும் கனடாவுக்கும் அனுப்பப்பட்டனர். 1816 இல் படையணி கலைக்கப்பட்டது. சிலர் கனடாவின் சிவப்பாற்றங்கரையில் குடியேறச் சென்றனர். அவர்களும் ஒரு வகையில் பிறர் போட்ட கையொப்பத்தால் உலகம் சுற்றியவர்களே. இந்நாடு அந்தத் தொழிலைப் பின்னர் கைவிட்டது. 1848 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு புதிய படை ஒப்பந்தங்களைத் தடைசெய்தது. நொசாத்தெல் மக்களும் அதே ஆண்டில் குடியரசை நிறுவினர். 1857 இல் பிரஷ்ய மன்னர் தம் உரிமையைக் கைவிட்டார்.

கடிதங்களும் கையொப்பங்களும் வாழ்வைத் தீர்மானிப்பதென்றால் என்னவென்று அகதிகளாகிய எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. தபாற்பெட்டியைத் திறக்கும்போது நடுங்காத கை எம்மிடையே குறைவு. ஆகவே இக்கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது எளிமையானது: எம்மைப் பற்றி எழுதப்படும் தாளை நாமே வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அது எழுதப்படும் மேசையில் எம்மவரும் அமர்ந்திருக்க வேண்டும். இந்நாட்டின் மொழியையும் சட்டத்தையும் பிள்ளைகள் கற்பது நல்ல வேலைக்காக மட்டுமல்ல, இதற்காகவுமே.

டி மெரோன் பிரபு ஒப்பந்தமிட்ட அதே 1795 இல், தாம் சேர்த்த அரும்பொருட்களை நொசாத்தெல் நகருக்கு வழங்கினார். அந்நகரின் இனவியல் அருங்காட்சியகம் அதிலிருந்தே தோன்றியது. விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லுங்கள். பள்ளியில் சுவிஸ் வரலாறு என்று அவர்கள் படிப்பதிலும், வீட்டில் எமது வரலாறு என்று நாம் சொல்வதிலும் ஒரே பெயர் வருவதை அவர்களே கண்டுகொள்வார்கள்.