ஞானம் என்னும் ஒரு சொல்லும் கிறிஸ்தவத்தின் இரு நெறிகளும்

பூண்டுலோயாத் தோட்டங்களிற் சைவரும் கிறிஸ்தவரும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் வாழ்கின்றனர். ஒரு வீட்டுக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு மற்றை வீட்டாரும் செல்வர். அவ்வாறு சென்று வந்த மாணவனொருவன், "ஐயா, அவர்கள் கூறும் ஞானமும் நம் பெரியோர் கூறும் ஞானமும் ஒன்றா?" என வினவினான். 'ஒன்றே' என்பது எளிய விடை, ஆராய்ந்த விடையன்று.

கி. பி. 2ஆம் நூற்றாண்டில் வலந்தீனு முதலியோர் போதித்த கொள்கை நொஸ்திக்கம் எனப்படும். அறிவைக் குறிக்கும் 'நோசிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லும், வடமொழி 'ஞான'மும் ஒரே வேரிற் பிறந்தவை. உலகைப் படைத்தவன் முழுமுதற் கடவுளல்லன், குறையுடைய கீழ்த்தேவனே, உடல் சிறை, சிலர்க்கே உரிய மறையறிவால் விடுதலை கிட்டும் என்பது நொஸ்திக்கருட் பலர் துணிபு. ஏறத்தாழ 180இல் லியோன் நகர் ஆயர் ஐரேனியுஸ் ஐந்து நூல்களால் இதனை மறுத்தார். எதிரிகளின் கூற்றுக்களாலேயே பெரும்பாலும் அறியப்பட்ட அவர்தம் கொள்கை, 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் ஏடுகள் கிடைத்தபின் அவர்தம் வாய்மொழியாகவே தெளிவுற்றது.

அநுபூதி நெறியோ வேறு. இசுப்பானிய நாட்டு அவிலா தெரேசாவும் (1515–1582), சிலுவையின் யோவானும் (1542–1591) உலகைக் கடவுளின் படைப்பென்றே கொண்டனர். அருளாலும் அன்பாலும் ஆன்மா இறைவனோடு கூடுதலை உரைத்தனர். எனினும் திருச்சபை அறிவை வெறுத்ததென எண்ணற்க. நிறைவெய்திய கிறிஸ்தவனையே மெய்யான நொஸ்திக்கன் என்றார் அலெக்சாந்திரியாக் கிளமெந்து. மறுக்கப்பட்டவை படைப்பை இகழ்தலும் மறைபொருளைச் சிலர்க்கே உரிமையாக்கலுமாம்.

நம் நாட்டில் இவ்வாராய்ச்சிக்கு இடந்தந்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் (1851–1930). பரானந்தர் என்னும் பெயரால் மத்தேயு சுவிசேடத்துக்கு 1898இலும், யோவான் சுவிசேடத்துக்கு 1902இலும் வெளிவந்த அவரது ஆங்கில விளக்கங்கள், இயேசுவின் மொழிகளை அநுபூதிமான் வாக்காகக் கொண்டு பொருளுரைத்தன. இதனை நொஸ்திக்கத்தோடு சேர்த்தல் பொருந்துமா? அவர் சார்ந்த சைவநெறியில் தநு கரண புவன போகங்கள் ஆன்மாக்கள் பக்குவமடையச் சிவன் அளித்தவை. பகைத்தேவன் அமைத்த சிறையல்ல. ஞானமும் அருளால் விளைவதே. ஆகவே அவரது நோக்கு அநுபூதி நெறிக்கே அணித்து. ஆயினும் கிறிஸ்தவருக்கு ஆன்மா படைக்கப்பட்டது, சித்தாந்திக்கு அநாதி. இவ்வேற்றுமையை மறைத்தல் இரு சமயங்களுக்கும் நீதியாகாது.

மாணவனுக்கு யான் கூறியது இதுவே: "சொல் ஒன்று, பொருள் பல. அயலாரின் ஞானத்தை அவர் கருதும் பொருளிலேயே அறிந்துகொள். நம்முடையதன் பொருளும் அப்போது துலங்கும்."