கை நம்முடையது, இயந்திரம் யாருடையது?

குருசுக்குப்பத்தில் கடலுக்கு மூன்று தெரு தள்ளி ஒரு சிறிய அறையில் என் லேத் நிற்கிறது. எனக்கு வயது 61. முப்பத்து நான்கு ஆண்டுகள் டர்னராக வேலை பார்த்தேன். அத்தனை ஆண்டுகளும் நான் தொட்ட இயந்திரங்கள் எல்லாம் இன்னொருவருடையவை. ஓய்வு பெற்ற பிறகுதான் சொந்தமாக ஒன்று வாங்கினேன். கைத்தொழில் தெரிந்தும் கருவி இல்லாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நம்மவர்கள் பலர். அவர்களுக்காகவும், ஐ.டி.ஐ.யில் படிக்கும் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

புதுச்சேரிக்கு இயந்திரம் புதிதல்ல. ஆங்கிலோ-பிரெஞ்சு பஞ்சாலை 1898-ல் தொடங்கியது. 1936 ஜூலை 30-ல் வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் போலீஸ் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அதற்கு மறு ஆண்டே எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. அந்த ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை 2020 ஏப்ரல் 30-ல் மூடப்பட்டது. ஆலை என்றால் தறி மட்டுமல்ல. தேய்ந்த ஷாஃப்டையும் உடைந்த பல்சக்கரத்தையும் சரிசெய்யும் பட்டறைப் பிரிவு ஒன்று எந்த ஆலையிலும் இருக்கும். ஆலை மூடினால் இயந்திரம் ஏலத்துக்குப் போகும். அதை ஓட்டிய கை வீட்டுக்குப் போகும்.

இதில் சாதி எங்கே வருகிறது என்று மாணவர்கள் கேட்கலாம். பம்பாய் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். அங்கே நூலை வாயால் உறிஞ்சி நாடாவில் கோக்க வேண்டும். தலித் வாய் வைத்த நாடாவைத் தொடமாட்டோம் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். அதனால் நம் மக்களுக்கு அந்தப் பிரிவின் கதவே அடைக்கப்பட்டது. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதை எழுப்பினார். ஆலைக்குள் நுழைந்துவிட்டால் சாதி வாசலில் நின்றுவிடும் என்று நம்பியவர்களுக்கு அது பாடம்.

என் காலத்தில் அவ்வளவு வெளிப்படையாக இல்லை. ஆனாலும் நான் வேலை பார்த்த ஒரு தொழிற்கூடத்தில், கட்டியைச் சுரண்டும் முதல் வேலை எங்களுக்கும், கடைசி அளவு எடுக்கும் வேலை வேறு சிலருக்கும் போகும். மைக்ரோமீட்டருக்குச் சாதி தெரியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் மைக்ரோமீட்டரை யார் கையில் கொடுப்பது என்று முடிவு செய்கிறவருக்குத் தெரியும். ஏழு ஆண்டுகள் கழித்து, ஆள் வராத ஒரு இரவு ஷிஃப்டில்தான் முதல்முறையாக ஒரு பேரிங் இருக்கையை முழுசாக நானே முடித்தேன். அது சரியாக உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அந்த வேலை என்னிடம் வந்தது.

ஓய்வுக்குப் பிறகு எட்டு மாதம் சும்மா இருந்தேன். ஒருநாள் பக்கத்துத் தெரு மீனவத் தம்பி ஒருவர் ஃபைபர் படகின் விசிறி ஷாஃப்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். மணல் புகுந்து புஷ் தேய்ந்து, ஷாஃப்டும் பள்ளமாகியிருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். செய்ய இயந்திரம் இல்லை. வேறு பட்டறைக்கு அனுப்பினேன். நான்கு நாள் அவர் கடலுக்குப் போகவில்லை. அன்றிரவுதான் வீட்டில் பேச்சை எடுத்தேன்.

வீட்டுக்காரம்மா ஒரே கேள்வி கேட்டார்: கிராஜுவிட்டி பணத்தில் எவ்வளவு? நல்ல கேள்வி. கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வேலை செய்த ஆண்டுகளால் பெருக்கினால் வருவது கிராஜுவிட்டி. அது நம் கையில் மொத்தமாக வரும் முதல் பணம், பெரும்பாலும் கடைசிப் பணமும்கூட. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம். எனவே பழைய லேத்.

பழையது வாங்கும்போது பெயின்டைப் பார்க்காதீர்கள். புது வர்ணம் அடித்த கிழட்டு லேத்துகள் நிறைய உண்டு. சக்குக்கு அருகில்தான் பெட் அதிகம் தேயும். அந்த இடத்தில் கேரேஜை ஆட்டமில்லாமல் இறுக்கி, டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டிப் பாருங்கள். அங்கே போய் இறுகி நின்றால் பெட் தேய்ந்திருக்கிறது. கைப்பிடியை முன்னும் பின்னும் திருப்பி, எவ்வளவு வெற்றுச் சுற்று இருக்கிறது என்று பாருங்கள். ஒரு கம்பியைச் சக்கில் பிடித்து, டெயில்ஸ்டாக் தாங்கல் இல்லாமல் 150 மில்லிமீட்டர் நீளத்துக்கு மெல்லிசாகச் சீவி, இரண்டு முனையையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.02 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நம் வேலைக்குத் தாராளம்.

அடுத்தது மேம்பாடு. கடைக்காரர் எல்லாவற்றையும் வாங்கச் சொல்வார். கணக்குப் போட்டு வாங்க வேண்டும். வெட்டு வேகத்தை ஆயிரத்தால் பெருக்கி, 3.14-ஐயும் விட்டத்தையும் பெருக்கி வந்ததால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கிடைக்கும். சாதா இரும்புக் கம்பி, விட்டம் 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஹைஸ்பீடு ஸ்டீல் பிட்டுக்கு நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகம் என்றால் 191 சுற்று போதும். கார்பைடு பிட்டுக்கு 120 மீட்டர் என்றால் 764 சுற்று வேண்டும். கம்பி 20 மில்லிமீட்டர் என்றால் 1,911 சுற்று. என் லேத்தின் உச்ச வேகமே 800-தான். சிறிய கம்பிக்குக் கார்பைடு வாங்கினால் அதன் பலன் எனக்கு முழுதாக வராது. இயந்திரம் அதிர்ந்தால் கார்பைடு முனை உடைந்தும் போகும். எனவே சின்ன வேலைக்குப் பழைய பிட்டையே தீட்டிக்கொள்கிறேன்.

என் காசு போன இடங்கள் இரண்டு. ஒன்று, டிஜிட்டல் ரீட்அவுட். ஸ்லைடு எவ்வளவு நகர்ந்தது என்று நேரடியாகக் காட்டும். ஸ்குரூ தேய்ந்திருந்தாலும் அளவு தப்பாது. கண் மங்கிய வயதில் கைப்பிடிக் கோடுகளை எண்ணத் தேவையில்லை. ஆனால் பெட் தேய்மானத்தை அது சரிசெய்யாது. இரண்டாவது, வி.எஃப்.டி. சிங்கிள் பேஸ் மின்சாரத்தில் மூன்று பேஸ் மோட்டாரை ஓட்டும், வேகத்தையும் கூட்டிக் குறைக்கும். வேகத்தை மிகவும் குறைத்தால் மோட்டார் பலம் இழக்கும். அதற்குப் பெல்ட் மாற்றும் பழைய முறைதான் சரி.

கடலோரத்தில் இன்னொரு செலவும் உண்டு. உப்புக் காற்று ஒரே இரவில் பெட்டில் துருப் புள்ளி வைத்துவிடும். தினமும் வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணெய் பூசி, மூடிவிட்டுத்தான் போகிறேன்.

கடன் விஷயத்தில் வயது ஒரு சுவர். தமிழ்நாட்டில் 2023-ல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் பட்டியல் இனத்தவருக்கு 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் வயது வரம்பு 55. விழுப்புரத்திலோ கடலூரிலோ 58 வயதில் ஓய்வு பெறும் நம் ஆள் வாசலிலேயே நின்றுவிடுவார். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரைத் தள்ளிவிட்டு யாரைத் தொழில் முன்னோடி ஆக்குகிறோம்? இந்த வரம்பைத் தளர்த்தக் கேட்க வேண்டியது நாம்தான்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மேல் வயது வரம்பு இல்லை. பட்டியல் இனத்தவர் போட வேண்டிய சொந்தப் பணம் 5 விழுக்காடு. மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35 விழுக்காடு. புதிய தொழிலுக்கு மட்டும்தான் கிடைக்கும் என்பதால், தொடங்குவதற்கு முன்பே மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். பழைய இயந்திரத்துக்குப் பொருந்துமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். உத்யம் பதிவு இலவசம், புரோக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள். மத்திய அரசு நிறுவனங்கள் வாங்கும் பொருளில் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பதிவு இல்லாதவருக்கு அந்த விதியால் பயனில்லை.

பட்டறை திறந்த முதல் வாரம் ஒருவர் பம்ப் ஷாஃப்டுடன் வந்தார். கையில் எண்ணெயோடு நின்ற என்னைப் பார்த்து, “மொதலாளி இல்லையா?” என்றார். அடுத்த மாதம் இன்னொருவரும் அதையே கேட்டார். நம்மை வேலையாளாகவே பார்த்துப் பழகிய கண்கள் அவை. கோபப்படவில்லை. “சொல்லுங்க, நான்தான்” என்றேன்.

இப்போது சாயங்காலம் இரண்டு ஐ.டி.ஐ. பிள்ளைகள் வருகிறார்கள். முதல் நாள் சொல்லிக் கொடுத்தது மூன்றே விஷயம். லேத் ஓடும்போது கையுறை போடாதே. சட்டைக் கையைத் தொங்க விடாதே. சக் சாவியை ஒருபோதும் சக்கிலேயே விட்டுவிடாதே. இரண்டாம் நாளே மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்துவிட்டேன். ஏழு ஆண்டு காத்திருக்க வைக்கவில்லை.