பட்டமா, பயிற்சியா?



சென்ற கோடையில் பாகூர் ஏரிக்கு அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து மாணவர் ஒருவர் தம் தந்தையாருடன் என்னைக் காண வந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் தேறியவர். கணிப்பொறியில் ஆர்வம் மிக்கவர். தனியார் கல்லூரி ஒன்றில் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. கட்டணத்திற்காக இருக்கும் ஒரு காணி நிலத்தை அடகு வைக்கத் தந்தையார் துணிந்திருந்தார். மாணவரோ, "ஐயா, அந்த நான்கு ஆண்டும் தொழிலிலேயே இருந்து கற்றுக்கொண்டால் என்ன?" என்று வினவினார்.

பாகூருக்குக் கல்வி புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அவ்வூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. அன்று மூன்று ஊர்கள் தாங்கிய சுமையை இன்று ஒரு காணி நிலம் தாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே அம்மாணவரின் வினாவை விளையாட்டாக ஒதுக்க என்னால் இயலவில்லை.

கணிப்பொறித் துறையில் தொழிலே முன்பு பிறந்தது. படிப்பு பின்பு வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் பொறி 1949 முதல் இயங்கியது. அதற்கான பட்டயப் படிப்பு அங்கே 1953இல்தான் தொடங்கியது. பொறியை ஆக்கியவர்கள் கணிப்பொறிப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். ஆனால் கணிதமும் இயற்பியலும் ஆழக் கற்றவர்கள் என்பதை நம் இளைஞர் மறந்துவிடுகின்றனர்.

கல்லூரி எதைத் தருகிறது? பத்து லட்சம் பெயர்கள் கொண்ட பட்டியலில் ஒரு பெயரைத் தேடுவதாகக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் பத்து லட்சம் முறையும் பார்க்க நேரலாம். அகரவரிசையில் இருப்பின், நடுப்பெயரைப் பார்த்துப் பாதியை விலக்கி, மீண்டும் பாதியை விலக்கிச் சென்றால் இருபது முறைக்குள் கிடைத்துவிடும். இவ்வுண்மையை அமைதியாக அமர்ந்து கற்கக் கல்லூரியே ஏற்ற இடம். வேலையின் அவசரத்தில் இதற்குப் பொழுது வாய்ப்பது அரிது.

தொழில் எதைத் தருகிறது? அதே பட்டியலில் ஊர்ப்பெயர்கள் ரோமன் எழுத்தில் இருக்கட்டும். பாகூர் என்பதன் ஊகாரத்தைப் பிரெஞ்சு வழக்கில் ஓ, யு என்னும் இரண்டு எழுத்துகளால் எழுதுவர். ஆங்கில வழக்கில் இரண்டு ஓ இடுவாரும் உளர், யு மட்டும் இடுவாரும் உளர். வில்லியனூருக்கும் இதே நிலைதான். ஓர் ஊர் மூன்று ஊராகிவிட்டால், பாதி பாதியாக விலக்கும் முறை நம்மைக் கைவிடும். இதனைப் பாடநூல் சொல்லாது. அலுவலகத்தில் யாரேனும் ஒருவர் தம் பெயர் காணவில்லை என்று சினந்து நிற்கும்போதுதான் விளங்கும். நானும் அப்படித்தான் கற்றேன்.

பட்டத்திற்கு வேறொரு பயனும் உண்டு. அரசுப் பணிகள் பலவற்றிற்கு அது நுழைவுச்சீட்டு. அமெரிக்காவின் எச்-ஒன்-பி நுழைவுரிமையிலோ, உரிய சான்றுகளுடன் கூடிய மூன்றாண்டுத் தொழில் அனுபவம் ஓராண்டுக் கல்லூரிப் படிப்புக்கு ஈடாகக் கொள்ளப்படுகிறது. நான்காண்டுப் பட்டத்திற்குப் பன்னிரண்டு ஆண்டு உழைப்பு! சட்டத்தின் கணக்கு அது. அறிவின் கணக்கு என்று கொள்ள வேண்டுவதில்லை.

இரண்டிற்கும் இடையே ஒரு வழியும் உள்ளது. ஜோஹோ நிறுவனம் 2005இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, பன்னிரண்டாம் வகுப்பும் பட்டயப்படிப்பும் முடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, கட்டணம் பெறாமல் உதவித்தொகையும் தந்து கற்பிக்கிறது. எச்.சி.எல். நிறுவனமும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கெனப் பணியோடு உயர்கல்வியும் தொடரும் திட்டம் ஒன்றை 2017 முதல் நடத்துகிறது.

நான் அம்மாணவரிடம் கூறியது இதுதான்: "தம்பி, புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற அரசு நிறுவனத்தில் இடம் கிடைத்தால் தயங்காமல் சேருக. நிலத்தை அடகு வைத்துத்தான் படிக்க வேண்டுமெனில், பயிற்சிப் பள்ளித் தேர்வை முதலில் எழுதுக. பட்டத்தைப் பின்னர் அஞ்சல்வழியிலும் பெறலாம். போன நிலத்தை மீட்பது எளிதன்று."

அதுவரை வாய் திறவாதிருந்த தந்தையார் அப்போது கேட்டார்: "பின்னால் படிக்கலாம் என்கிறீர்களே, ஐயா, அப்படிப் படித்து முடித்தவர்கள் எத்தனை பேர்?"

என் பழைய மாணவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன். சேர்ந்தவர் பலர், முடித்தவர் சிலரே. அதனையும் அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.